கஞ்சிக்கு உப்புப் பார்த்தவன்

ரங்கூன் பபேடானில் அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்தால், "நாக்கு வந்துட்டான்டா" என்று யாராவது கூவுவார்கள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பர்மியப் பெயர் ஒன்று, ஆஸ்பத்திரியில் தப்பாக எழுதிக்கொண்ட பெயர் ஒன்று என்று எனக்குப் பெயருக்குக் குறைவில்லை. ஆனால் நோன்பு மாதத்தில் அந்தத் தெருவில் நான் வெறும் நாக்கு.

பள்ளிவாசல் வாசலில் மதியத்திலிருந்து தேக்சா என்கிற பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். சாயங்காலம் நோன்பு திறப்பதற்குள் தெருவே தூக்குவாளியோடு வந்து நிற்கும். முஸ்லிம், இந்து, பர்மியர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஊற்றுவார்கள். காய்ச்சுகிறவர்களோ நோன்பாளிகள். நாக்கின் நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்புக்குப் பழுதில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தத் தெருக்காரர்கள் அந்தச் சலுகையையும் எடுத்துக்கொள்வதில்லை. உப்புப் பார்க்க வெளியாள் ஒருவன் வேண்டும். நான் இன்சீனில் ரயில்வே குடியிருப்பில் பிறந்த இந்து, எந்த வேளையும் பசியோடு இருப்பவன். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ரங்கூனிலேயே கிடைத்திருக்க மாட்டான்.

ஆனால் அந்தத் தெருவுக்கு நான் நேர்வழியில் வந்து சேரவில்லை.

எண்பத்தெட்டில் மாணவர் போராட்டம் வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்போது நான் எட்டாவது. மறுபடி திறந்தபோது நான் போகவில்லை. மௌல்மீன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கொஞ்ச காலம், ஐராவதியில் சரக்குப் படகில் கொஞ்ச காலம், அப்புறம் வடக்கே போகும் லாரிகளில் கிளீனர். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. கால் அரிக்கும். லாரியில் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு போகும்போதுதான் முதன்முதலாக அந்தக் குரல் கேட்டது. பெண் குரல், என்னை நன்றாகத் தெரிந்த மாதிரிப் பேசும் குரல். "இறங்கு, இவங்க உன்ன விக்கப் போறாங்க" என்றது. ஓடுகிற லாரியிலிருந்து இறங்கினேன். கால் முறிந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலையை மழித்தார்கள், ஊசி போட்டார்கள், தண்ணீர்ப் பருப்பும் சோறும் போட்டார்கள். சில நாள் கட்டி வைத்தார்கள், பிறகு அவிழ்த்தும் விட்டார்கள். குரல் சன்னமாகி, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆனது. வெளியே அனுப்பினார்கள்.

கஷ்டம் வெளியே வந்த பிறகுதான். இன்சீனில் சித்தி வீட்டில் தங்கினேன். நல்ல மனிதர்கள், ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் சித்தி எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள். நான் கதவைத் தாழ்போட்டால் சித்தப்பா போய்த் தள்ளிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் நானே எழுந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். அணைத்தேனா, அணைத்ததாக நினைத்துக்கொண்டேனா? படுப்பேன், எழுவேன், பார்ப்பேன். பழைய நோய் போய் இது புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் சயாமா வந்தார். பர்மாவில் டீச்சரையும் நர்ஸையும் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். கியாக்டடா பகுதியில் வங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் இரண்டு அறையும் ஒரு பெஞ்சுமாக இலவசமாக வைத்தியம் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது சயாமாவின் வேலை. அவருடைய தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர். சயாமாவுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். வாயைத் திறந்தால் பர்மிய மொழிதான் வரும்.

முதல் நாள் என்னிடம் அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. "இனி என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து யாரும் என்னைக் கேட்காத கேள்வி.

"எங்கயாச்சும் போகணும்" என்றேன்.

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். சயாமா சிரிக்கவில்லை. வட்ட ரயிலில் போகச் சொன்னார். இன்சீனில் ஏறினால் ஊரைச் சுற்றிக்கொண்டு இன்சீனிலேயே வந்து இறங்கலாம். போன மாதிரியும் இருக்கும், வீட்டுக்கு வந்த மாதிரியும் இருக்கும். நான் தினமும் போனேன். பெட்டியில் கீரைக்கட்டுகளுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து மனிதர்களோடு பேசிக்கொண்டே சுற்றினேன். கால் அரிப்பு அடங்கியது. ஒரு நாள் சயாமா, "பேச்சுத்தான் உனக்கு நன்றாக வருகிறதே, என்னோடு வா. நான் கேட்டால் பதில் சொல்லாதவர்கள் உன்னிடம் சொல்வார்கள்" என்றார். வேலை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். நோயாளி வீட்டில் தரையில் உட்கார்ந்து, "எனக்கும் குரல் கேட்டுச்சு, உங்களுக்கு ஆம்பளக் குரலா பொம்பளக் குரலா?" என்று கேட்பேன். பூட்டிய வாய்கள் திறப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காக்காவின் வாய் மட்டும் லேசில் திறக்கவில்லை.

கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காளை லாத்தா என்பார்கள். பள்ளிவாசலுக்கு எதிர்க் கட்டடத்தில், மூன்றாவது மாடியில், விதவையான தன் லாத்தாவோடு அவர் இருந்தார். ஐம்பதை நெருங்கியவர், அகலமான தோள். நாங்கள் போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். லாத்தாதான் பேசுவார். "நல்லாச் சாப்புடுறாங்க சயாமா, நல்லாத் தூங்குறாங்க. ஒரு வேலையும் நான் வைக்கிறதில்ல. தண்ணிகூட நான்தான் மொண்டு குடுக்குறேன்." அந்த அம்மாளின் அன்பு அப்படி. தம்பியின் கைக்கு எட்டுகிற இடத்தில் அவர் எந்தச் சாமானையும் வைப்பதில்லை.

காக்கா அந்தப் பள்ளிவாசலின் கஞ்சிக்காரர். அவருடைய வாப்பாவுக்குப் பிறகு தேக்சா அவருக்கு வந்தது. நோன்பு மாதம் அவருடைய மாதம். மற்ற மாதங்களில் எங்காவது கல்யாணச் சமையலுக்குப் போவார். சில வருஷங்களுக்கு முன் ஒரு நோன்பில், கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது, "யாரோ இதுல எதையோ போட்டுட்டாங்க, எவனும் குடிக்காதீங்க" என்று கத்தி, முழுத் தேக்சாவையும் துடுப்பால் நெம்பித் தெருவில் கவிழ்த்துவிட்டார். தெருவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். கஞ்சி சாக்கடையில் ஓடியது. அவரைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சயாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார். இனி என்ன செய்ய ஆசை? அவர் சுவரையே பார்த்தார். அடுத்த தடவை போனபோதும் சுவர்தான். அப்புறம் ஒரு நாள் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, லாத்தா கொடுத்த டீயைக் குடிக்கும்போது கை நடுங்கிச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். மாத்திரையின் வேலை அது. காக்கா என் கையைப் பார்த்தார். தன் கையை நீட்டிக் காட்டினார். அதுவும் நடுங்கியது.

"வாய் காயுதா?" என்றார்.

"காயுது காக்கா. காலையில எந்திரிச்சா நாக்கு மேல ஒட்டிக்கிது."

"எனக்கும்தான்." மறுபடி சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "நோன்புக்குத் தேக்சா முன்னால நிக்கணும்."

லாத்தா டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அல்லாவே, அது மட்டும் வேணாம். நெருப்பு, கொதி, கூட்டம்... என் உசிரு போயிரும்."

"அவர் கேட்டது அதுதானே" என்றார் சயாமா, பர்மிய மொழியில்.

பள்ளிவாசலில் கஞ்சிப் பொறுப்பு ஒரு ஹாஜியாரிடம் இருந்தது. துணிக்கடைக்காரர், வெள்ளைத் தாடி, தெருவில் எல்லோருக்கும் அவரிடம் பயம். அவரோ எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்கிறவர். சயாமாவும் நானும் அவரிடம் போனோம். பலமுறை போனோம். "கவுத்த தேக்சா தம்பி" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். கடைசியில் ஒரு நாள், "தலை நோன்பு அன்னைக்கு ஒரு நாள் நிக்கட்டும். நல்லபடியா முடிஞ்சா முப்பது நாளும் அவன்தான். இல்லேன்னா இந்தப் பேச்ச இதோட விட்டுரணும். சரியா?" என்றார். அந்த நிபந்தனை காக்காவுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். ஒரு நாள், ஒரு தேக்சா. அதில் தவறினால் மறுபடி சுவர்தான்.

அந்த வருஷம் நோன்பு குளிர்காலத்தில் வந்தது. வெயில் இதமாக இருந்தது. தெருவில் செங்கல் அடுப்பு மூட்டி, தேக்சாவை ஏற்றினார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு பர்மிய சைக்காக்காரர். மற்ற நாளெல்லாம் சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர், நோன்பு மாதத்தில் மட்டும் மதியத்துக்கு மேல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு விறகு பிளக்க வந்துவிடுவார். அவரைத் தெருவே ஆகோ என்று கூப்பிடும். அதுவும் அண்ணன் என்றுதான் அர்த்தம். பஜார்த் தமிழ் பேசுவார்.

"காக்கா, ஆகோ, ரெண்டு அண்ணன். தம்பி யாரு? நாக்குதான்" என்று என்னைப் பார்த்து வெற்றிலைப் பல்லைக் காட்டினார்.

காக்கா புதுக் கைலி கட்டி, தொப்பி வைத்து வந்தார். மாடிகளிலிருந்து எட்டிப் பார்க்காத முகமில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பூண்டும் இஞ்சியும் வதங்கும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. அரிசியும் பாசிப்பருப்பும் போட்டு, துடுப்பைப் பிடித்தார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கோப்பையில் நடுங்கிய கை, அந்தக் கனத்த துடுப்பைப் பிடித்ததும் நடுங்கவில்லை.

"என்னத்தப் பாக்குற?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"பாக்குறதுக்குத்தான் ஊரே இருக்கே. நீ வேற எதுக்கு? போய்ப் புதினா ஆஞ்சு குடு."

கஞ்சி குழைந்து வரும்போது, ஜாடியிலிருந்து உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினார். எனக்கு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஊதிக் குடித்தேன். மாத்திரை சாப்பிடுகிறவன் கொப்பளிக்காமல் ருசி பார்த்தால் எல்லாம் தகரமாகத்தான் தெரியும்.

"எப்டி?"

"சரியா இருக்கு காக்கா."

"நெசமாவா? எனக்காகச் சொல்லலியே?"

"உங்களுக்காகச் சொல்லணும்னா இன்னொரு கிண்ணம் கேக்க மாட்டேன்" என்று கிண்ணத்தை நீட்டினேன். தலையில் தட்டிவிட்டு ஊற்றினார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தீயைத் தணித்துவிட்டு, காக்கா கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். ஆண்கள் எல்லோரும் போனார்கள். எனக்கு டீ குடிக்க வேண்டும்போல இருந்தது. நோன்பாளிகள் முன்னால் குடிப்பது அழகில்லை என்று அடுத்த தெருவுக்குப் போனேன். டீக்கடை முக்காலியில் உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. திரும்பி வந்தபோது தொழுகை முடிந்து, சயாமாவும் வந்து, தூக்குவாளிகள் வரிசையில் நின்றன. காக்கா தேங்காய்ப்பால் ஊற்றி, மல்லி தூவி, கடைசியாக ஒரு கிண்ணம் எனக்கு நீட்டினார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

வாயில் வைத்தேன். கடல் தண்ணீர்.

என் முகத்தை மறைக்க எனக்குத் தெரியாது. காக்கா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சயாமா என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக் கொஞ்சம் குடித்தார். நோன்பில்லாத இன்னொரு நாக்கு அவருடையதுதான். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

"கரிக்குதா?" என்று ஹாஜியார் கேட்டார்.

வரிசையில் யாரோ, "ரெண்டு தடவ போட்டிருப்பாங்க, பாவம்" என்று மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அது கேலி இல்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

"முன்னாடி நான் பாத்தப்ப சரியா இருந்துச்சு" என்றேன்.

ஹாஜியார் என் தோளில் கை வைத்தார். "நீயும் அதே மாத்திரை சாப்புடுறவன்தானே தம்பி" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

காக்கா துடுப்பைத் தேக்சாவின் விளிம்பில் சாய்த்து வைத்தார். "நான்தான் மறந்துபோய்த் திரும்பப் போட்டிருப்பேன். யபாடே. பரவாயில்ல. நாளைக்கு வேற ஆளப் பாருங்க" என்றார். அடுப்புக்கு அந்தப் பக்கம் போய், விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

அவர் ஒரு தடவைதான் போட்டார் என்பது அவருக்குத் தெரியும். உட்கார்ந்த விதத்திலேயே எனக்கு அது தெரிந்தது. ஆனால், "நான் போடல, வேற யாரோ போட்டுட்டாங்க" என்று அவர் எப்படிச் சொல்வார்? அதே தேக்சாவின் முன்னால் நின்று அதே வார்த்தையைச் சொன்னதற்குத்தானே அவரைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரி, பொய்யைச் சொன்னால் வீடு. அவர் வீட்டைத் தேர்ந்தெடுத்தார். போகப் போக அந்தப் பொய்யை அவரே நம்பிவிடுவார் என்பதுதான் என் பயம். அடுப்பை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து பார்த்தவன் நான்.

சயாமா போய் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை, தூக்கத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "என்ன நடந்திருக்கும் என்று வேண்டாம். உங்களுக்கு நினைவிருப்பதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

காக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அரிசி கொழைஞ்சதும் ஒரு தடவ போட்டேன். கிண்டுனேன். இவன் ருசி பாத்தான், ரெண்டாவது கிண்ணமும் கேட்டான். தொழுகப் போனேன். வந்து பால் ஊத்துனேன். அவ்வளவுதான் ஞாபகம். ஆனா என் தலைய எங்க நம்புறது சயாமா."

"நான் நம்புகிறேன்" என்றார் சயாமா. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவர் தலையில் கோளாறு ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த உப்பு எங்கிருந்து வந்தது?"

அவர் பர்மிய மொழியில் சொன்னதால் புரியவில்லையோ என்று நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். எல்லோருக்கும் முதலிலேயே புரிந்திருந்தது. சயாமா மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், சைக்காக்காரர் பக்கம் திரும்பினார். கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்துக்குக் கீழே முகம் சிவந்தது.

"ஆகோ, தொழுகை நேரத்தில் நான் வந்ததும் உங்களிடம் ஒன்று கேட்டேனே, கஞ்சிக்கு உப்புப் போட்டாயிற்றா என்று?"

சைக்காக்காரர் தலையைச் சொறிந்தார். "கேட்டீங்க. நான் சந்துல வெறகு பொளந்துக்கிட்டு இருந்தேன், காக்கா போட்டத நான் பாக்கல. மறந்திருப்பாருன்னு ஒரு கை போட்டுட்டுத் திரும்ப வெறகுக்குப் போயிட்டேன்."

"அத ஏன்யா இப்பச் சொல்ற?" என்றேன்.

"ஒரு கைக்கு இப்டியா கரிக்கும்? காக்காவும் ரெண்டு தடவ போட்டிருப்பாருன்னு நெனச்சேன்."

அப்போது வரிசைக்குப் பக்கத்தில் நின்ற லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பாதி அழுகை, பாதி வேறு என்னமோ. "நானும்தான்" என்றார்.

காக்கா தலை நிமிர்ந்தார். "லாத்தா?"

"தொழுகைக்குப் போனீங்கல்ல, அப்ப எறங்கி வந்து போட்டேன். நீங்க மறந்து, எல்லாரும் ஒரு வார்த்த சொல்லிறப்படாதேன்னு. ஒரே ஒரு கை வாப்பா. சத்தியமா ஒரு கைதான்."

தெருவில் ஒரு சத்தம் கிளம்பியது, சிரிப்பா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யாத சத்தம். காக்கா எழுந்து வந்து தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தார். உப்பு ஜாடியை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டு கைக்கும் இவ்வளவு கரிக்காதே" என்றார். கஞ்சிக்காரர் பேசிய பேச்சு அது.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஜியார் மட்டும் யாரையும் பார்க்காமல், பள்ளிவாசல் மினாராவில் ஏதோ வேலை பாக்கி இருப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தாடியைத் தடவினார். தொண்டையைச் செருமினார்.

"நோன்பு வச்சுக்கிட்டு நான் எப்டிப் பொய் சொல்ல" என்றார். "தொழுதுட்டு மொத ஆளா வெளிய வந்தேன். தேக்சாகிட்ட யாருமில்ல. மறந்திருப்பான், எதுக்கு வம்புன்னு... கொஞ்சம்தான் போட்டேன்."

"எவ்வளவு கொஞ்சம்?" என்றார் காக்கா.

ஹாஜியார் தன் வலது கையை விரித்துக் காட்டினார். துணி மடிக்கிற கை, முறம் மாதிரி இருக்கும்.

முதலில் சிரித்தது காக்காதான். நான் அதுவரை அவர் சிரித்துப் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விறகுக்கட்டில் சாய்ந்து சிரித்தார். "அன்னைக்கு ஒருத்தரும் ஒண்ணும் போடல. போட்டாங்க போட்டாங்கன்னு கத்துனேன், கட்டிப்போட்டீங்க. இன்னைக்கு மூணு பேர் போட்டிருக்கீங்க. நான்தான் போட்டேன்னு ஒத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். யாரக் கட்டணும் இப்ப? கவுறு எங்கடா?"

"என்னையக் கட்டு" என்றார் லாத்தா.

"உங்களக் கட்டுனா எனக்குத் தண்ணி யாரு மொண்டு குடுப்பா?"

அதற்கு மேல் தெருவைப் பிடிக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் தூக்குவாளிகளைத் தட்டிச் சிரித்தார்கள். சயாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹாஜியாரும் சிரித்தார், பாதித் தாடிக்குள்.

நோன்பு திறக்க அதிக நேரம் இல்லை. காக்கா துடுப்பை எடுத்தார். "இன்னொரு தேக்சா வேணும். அரிசிய வேகவச்சு இதோட கலந்து விட்டாத்தான் சரியாகும். தேங்காப்பால் வேணும், உப்பில்லாம" என்றார். "உப்பில்லாம" என்பதை ஹாஜியாரைப் பார்த்துச் சொன்னார். சைக்காக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு பிரியாணிக் கடைக்குப் பறந்தார், தேக்சாவை முன்னிருக்கையில் மாமியாரைப்போல உட்கார வைத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊர் மாடி வீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், நுனியில் கிளிப்போ கூடையோ இருக்கும். பேப்பரோ ரொட்டியோ வந்தால் மாட்டிவிட்டு, கீழே இருப்பவர் கயிற்றை இழுத்து மணியடிப்பார், மேலே இருப்பவர் தூக்கிக்கொள்வார். அன்றைக்குக் கயிறுகள் எல்லாம் கீழ்நோக்கி வேலை செய்தன. வடித்த சோறு, பிழிந்த தேங்காய்ப்பால், நறுக்கிய ரம்பை இலை எல்லாம் பிளாஸ்டிக் பைகளில் இறங்கின. நான்காவது மாடியில் ஒரு சீனக் குடும்பம், அவர்களுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே ஒரு பை அரிசியை இறக்கினார்கள். நான் கிளிப்புகளை அவிழ்த்து அவிழ்த்து ஓடினேன். காக்கா நின்ற இடத்திலிருந்து, "அத இங்க, இத அங்க, அட நாக்கு, மரமா நிக்காத" என்று விரட்டினார். லாத்தா ஒரு வெந்நீர்ப் பானையைத் தூக்கப் போனார். "வைங்க, நானே தூக்குறேன்" என்று காக்காவே தூக்கினார். அந்த அம்மாள் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மல்லி ஆய உட்கார்ந்தார்.

பாங்கு சொல்லும்போது கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம். ஒரு தேக்சா இரண்டாகியிருந்ததால் பக்கத்துத் தெருவுக்கும் போனது, அதற்கடுத்த தெருவுக்கும் போனது. ருசி அவ்வளவாக இல்லை. சோறு முழுசாகக் குழையவில்லை, மசாலா மெலிந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. காக்கா மட்டும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "கேவலமா இருக்கு" என்றார், சந்தோஷமாக.

ஹாஜியார் தன் கிண்ணத்தை முடித்துவிட்டு, காக்காவின் பக்கத்தில் விறகுக்கட்டில் வந்து உட்கார்ந்தார். நல்லபடியாக முடிந்ததா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. லாத்தாவும் நானும் சயாமாவும் பாத்திரம் கழுவுவதுபோலப் பாவனை செய்துகொண்டு காதைக் கொடுத்தோம்.

"நாளைக்கு அரிசி எப்ப ஊறப்போடணும்?" என்று கேட்டார் ஹாஜியார்.

"மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி" என்றார் காக்கா.

"சரி" என்று எழுந்து போனார்.

மறுநாள் மதியம் நான் போகும்போதே துடுப்பு அவர் கையில் இருந்தது. அரிசி குழைந்தது. காக்கா உப்பு ஜாடியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நடுத்தெருவில் வந்து நின்றார். எல்லாப் பால்கனிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உப்புப் போடுறேன்! எல்லாரும் பாத்துக்கங்க!" போட்டார். "போட்டாச்சு! இனி எவனும் கை வைக்கப்படாது!"

"கேட்டுச்சு!" என்று மாடியிலிருந்து லாத்தா கத்தினார். துணிக்கடை வாசலிலிருந்து ஹாஜியார் கையைத் தூக்கிக் காட்டினார். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். பிறகு வந்த வருஷங்களிலும் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் மறுபடி கால் அரித்து மௌல்மீன் பக்கம் போய்விட்டு ஒரு நோன்பில் திரும்பியபோது, என்ன ஏதென்று தெரியாத சின்னப் பிள்ளைகள்கூட, "உப்புப் போட்டாச்சு!" என்று அவரோடு சேர்ந்து கத்தினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இரண்டாம் நாளைப் பற்றி. உப்புப் போட்டுக் கிண்டிவிட்டு, கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். குடித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்லத்தானே நாக்கு.

"கொஞ்சம் கம்மி காக்கா" என்றேன்.

சைக்காக்காரர் விறகை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மேலே லாத்தாவின் முகம் தெரிந்தது. காக்கா தேக்சாவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். ஜாடியின் பக்கம் அவர் கை போகவில்லை.

"நான் போட்டது சரி" என்றார். "நேத்துக் குடிச்ச உப்பு உன் நாக்க விட்டு இன்னும் போகல. கொப்பளிச்சியா நீ?"

அவசரத்தில் மறந்திருந்தேன்.

"போய்க் கொப்பளிச்சுட்டு வா, போ."

குழாயடிக்குப் போய் நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து, மறுபடி குடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.